திருத்தம் தேவை, நிதானமும் தேவை

புனே நகரின் வடமேற்கில், மும்பை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்திருப்பது வாகட். அடுத்துள்ள ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் வளர்ச்சியால், கணிப்பொறி வல்லுநர் பெருந்தொகையாய் வாழும் குடியிருப்பாக அது மாறிவிட்டது. வர்த்தக ஸ்தாபனங்களின் சர்வர்களைப் பராமரித்தல் அவர்களுள் பலருக்குத் தொழில். அத்தொழிலில் மாதந்தோறும் எழும் வினா ஒன்றுண்டு. இயக்க முறைமைக்கு வெளிவரும் பாதுகாப்புத் திருத்தத்தை உடனே பொருத்துவதா, பொறுத்திருந்து பொருத்துவதா?

தாமதத்தின் தீங்கை உலகம் 2017 ஆம் ஆண்டில் கண்டது. விண்டோஸில் இருந்த பெருங்குறை ஒன்றிற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. 59 நாட்கள் கழித்து, மே 12 அன்று, அதே குறையின் வழியே ‘வான்னாக்ரை’ என்னும் தீய நிரல் புகுந்து 150க்கு மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் காவல் நிலையக் கணிப்பொறிகள் சிலவும் முடங்கின. அக்குறையையும் ஒரு வழியாகக் கொண்ட ‘நாட்பெட்யா’ ஜூன் 27 அன்று பரவியபொழுது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் சரக்கு முனையம் ஒன்றில் வேலை தடைப்பட்டது.

அவசரத்தின் தீங்கும் சிறிதன்று. 2022 ஜனவரி 11 அன்று வெளியான விண்டோஸ் சர்வர் திருத்தத்தைப் பொருத்திய சில இடங்களில், பயனர்களின் அனுமதியைச் சரிபார்க்கும் தலைமைச் சர்வர்கள் தாமாகவே மீண்டும் மீண்டும் நின்று இயங்கலாயின. மாற்றுத் திருத்தம் ஜனவரி 17 அன்றே வந்தது. 2024 ஜூலை 19 அன்று ‘கிரவுட்ஸ்ட்ரைக்’ என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகளை நிலைகுலையச் செய்தது. அது இயக்க முறைமையின் திருத்தமன்று; எனினும் பாடம் ஒன்றே. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டும், எங்கும் ஒருசேரச் சென்றுவிட்டமையால் பயன் குறைவாயிற்று. நம் விமான நிலையங்களிலும் பயண அட்டைகளைக் கையால் எழுதித்தர வேண்டியதாயிற்று.

இவ்விரு வகை நிகழ்ச்சிகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றலாம். உண்மையில் அவை முரணானவை அல்ல. முன்னதில் கெடுதல் விளைத்தது காத்திருப்பிற்கு எல்லை வகுக்காமை. பின்னதில், எல்லா இயந்திரங்களையும் ஒரே வேளையில் மாற்றியமை. ஆகவே, படிப்படியாகவும், ஆனால் காலக்கெடுவுக்கு உட்பட்டும் திருத்தங்களைப் பொருத்துவதே அறிவுடைமை.

முதலில், எந்தச் சர்வரில் எது இயங்குகிறது என்னும் பட்டியல் வேண்டும். அடுத்து, காப்புப் பிரதி எடுக்கவேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, அதிலிருந்து மீட்டும் பார்த்தல் வேண்டும். பின்னர்த் திருத்தத்தைச் சோதனைச் சர்வரிலும், அதன்பின் முக்கியத்துவம் குறைந்த சிலவற்றிலும், இறுதியில் எஞ்சியவற்றிலும் பொருத்தலாம். ஒரே பணியை இரு சர்வர்கள் ஆற்றுமாயின், ஒன்றைத் திருத்தி அதன் நடப்பைக் கவனித்த பின்னரே மற்றதைத் தொடவேண்டும். குறையைப் பயன்படுத்தித் தாக்குதல் ஏற்கெனவே நடைபெறுகிறது எனக் கணிப்பொறி அவசரகால அமைப்பான ‘செர்ட்-இன்’ எச்சரிக்குமாயின், நாட்களை மணிகளாகச் சுருக்க வேண்டும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் வட்டாரத்தின் சிறு தொழிற்கூடங்களுக்குச் சோதனைச் சர்வர் கட்டுப்படியாகுமா எனச் சிலர் வினவக்கூடும். தனி இயந்திரம் தேவையில்லை. உள்ள இயந்திரத்திலேயே மெய்நிகர் நகல் ஒன்றை இயக்கிப் பார்க்கலாம். அதுவும் இயலாதவர்க்கு, மீட்டுப் பார்த்த காப்புப் பிரதியே பெருந்துணை.

உண்மையில் அரிதாயிருப்பது இயந்திரமன்று, நேரமே. சர்வரை நிறுத்த ஒரு மணி நேரம் கேட்கும் பொறியாளருக்கு அதனை மறுத்துவிட்டு, விபத்து நேர்ந்தபின் அவரையே குறைகூறுவது முறையன்று. மாதந்தோறும் பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்குவது நிர்வாகத்தின் கடமை. ஆலையில் இயந்திரத்தை நிறுத்தி எண்ணெயிடுவதை எவரும் வீண்செலவென்று கருதுவதில்லை. சர்வருக்கும் அந்நீதியே பொருந்தும்.