கேபிள் மாற்றினால் இசை மாறுமா?
விலை கூடிய ஸ்பீக்கர் கேபிள் ஒலியைத் துலக்கும், காதே அதற்குச் சாட்சி என்ற வாதம் கணக்கில் நிற்காது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 3 மீட்டர் இழுத்தால், போகவரச் சேர்த்து மின்தடை சுமார் 0.04 ஓம், ஸ்பீக்கருடையதோ 8 ஓம். இழப்பு 0.05 டெசிபலைத் தாண்டாது. எந்தக் காதுக்கும் அது எட்டாது.

மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்தால் ஒலி மாறும் என்பது உண்மைதான். அதற்குத் தடித்த சாதாரணக் கம்பியே போதும்.

காதின் சாட்சியமும் பலவீனமானது: சற்றே உரத்து ஒலிப்பதை அது தெளிவு என்றே எடுத்துக்கொள்ளும். ஒலியளவைச் சமப்படுத்தி, எந்தக் கேபிள் என்று சொல்லாமல் கேட்கவைப்பதே நேர்மையான சோதனை. உண்மையில் ஒலியை மாற்றுவது அறை. சுவரோடு ஒட்டிய ஸ்பீக்கரை இரண்டடி முன்னே நகர்த்தினால், பாஸின் உறுமல் காசில்லாமலே அடங்கும்.