அப்டேட் வரட்டும், கடை நேரத்தில் வேண்டாம்

பில் போடும் கம்ப்யூட்டரில் "அப்டேட் வந்திருக்கிறது" என்று ஒரு கட்டம் எட்டிப் பார்த்தால் நம் உறுப்பினர்களில் சிலர் உடனே சம்மதம் தட்டுகிறார்கள். சிலர் மாதக்கணக்கில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே நமக்குச் சரியாகப் படவில்லை.

பயம் காரணமில்லாதது அல்ல. 2024 ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி. அருப்புக்கோட்டையில் கடை திறந்து வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம், காலை 9.40 இருக்கும். அமெரிக்காவின் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பில் பிழை இருந்தது. உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக, ஆள் முன்னால் உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது.

அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் சரக்கு, நமக்கென்ன என்று இருக்க முடியாது. பாதுகாப்பு மென்பொருள் எதுவானாலும் கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் உட்காருவது. காவலாளியிடம் கல்லாச் சாவியும் இருப்பதைப் போல. ஃபயர்வால் தடுமாறினாலோ இணையம் போய்விடும். இ-வே பில் எடுக்க முடியாமல் மல்லி ஏற்றிய லாரி வாசலிலேயே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. புது வெர்ஷனைத் தள்ளிப்போட்டிருந்தவர்களும் அன்று விழுந்தார்கள். வந்தது வெர்ஷன் அல்ல, அன்றாடம் வரும் கோப்பு. அதைத் தள்ளிவைக்கும் உரிமை வாடிக்கையாளருக்குப் பிறகுதான் கிடைத்தது.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்றால் 2017-ஐ நினைக்க வேண்டும். அந்த ஆண்டு மே 12-இல் பரவிய வான்னாக்ரை வைரஸ், கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. கேரளத்தில் ஊராட்சி அலுவலகங்கள்கூட மாட்டின. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-இலேயே வெளியிட்டிருந்தது!

நம் கரிசல் சம்சாரி புது விதையை முதல் வருடமே எல்லாப் புஞ்சையிலும் விதைப்பதில்லை. வைரஸ் பட்டியல் தினமும் வரட்டும், அதை நிறுத்தக்கூடாது. வெர்ஷன் மாற்றத்தை மட்டும் கிட்டங்கி கம்ப்யூட்டரில் முதலில் ஏற்றி ஒரு வாரம் பார்க்கலாம். ஒரே கம்ப்யூட்டர் உள்ள கடை என்றால் கணக்கை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கடை சாத்திய பிறகு ஏற்றலாம். பென் டிரைவைச் செருகியே வைக்காதீர்கள்; வைரஸ் வந்தால் அதுவும் போய்விடும். ஜி.எஸ்.டி. 3பி கட்டும் 20-ஆம் தேதியை ஒட்டியும், மிளகாய் வற்றல் வரத்து மும்முரமாக இருக்கும் நாட்களிலும் தொட வேண்டாம். தனி வரிசை எண்ணுள்ள கை பில் புத்தகம் ஒன்றும் கல்லாவில் கிடக்கட்டும். இ-இன்வாய்ஸ் கட்டாயமான, ரூ.5 கோடிக்கு மேல் விற்பனையுள்ள மொத்த வியாபாரிகளுக்கு அதுவும் முழுதாகக் கைகொடுக்காது. அவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

பில் மென்பொருள் விற்பவர்களிடமும் நமக்கு ஒரு வார்த்தை இருக்கிறது. ஆண்டுப் பராமரிப்புக்குப் பணம் வாங்குகிறவர்கள், கடைக்காரரைக் கேட்காமல் பகலில் வெர்ஷன் மாற்றமாட்டோம் என்றும், பழுதானால் பழைய வெர்ஷனுக்குத் திருப்பித் தருவோம் என்றும் எழுத்தில் தர வேண்டும். அப்டேட்டால் கடை நின்ற உறுப்பினர்கள் தேதியையும், எத்தனை மணி நேரம் நின்றது என்பதையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள்.