பல் பிடுங்கினால் ஓய்வும் வேண்டும்

மலேசியாவின் கேரி தீவு செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்கிறவர்கள் பல்வலியைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வலி தாங்காமல் கிளினிக்குக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் காலையிலேயே பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) வந்து நிற்பார்கள். இது வீரம் இல்லை, ஆபத்து. பிடுங்கிய குழியில் உறைகிற இரத்தக்கட்டிதான் உள்ளே இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கிறது. குனிந்து குலையைத் தூக்கினால் தலைக்கு இரத்தம் ஏறி, மறுபடியும் கசியலாம். சிகரெட் இழுத்தாலும், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாலும், முதல் நாளே அழுத்திக் கொப்பளித்தாலும் கட்டி பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் இரண்டு மூன்று நாளில் காதுவரை தெறிக்கும் வலி, பிடுங்குவதற்கு முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும். பிடுங்கிய இடத்தில் வைக்கும் பஞ்சை அரைமணி நேரமாவது கடித்திருங்கள். ஆறிய கஞ்சி குடியுங்கள். 24 மணி நேரம் கழித்து, வெதுவெதுப்பான உப்புநீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். நாட்கள் போகப் போக வலி கூடினால் திரும்பவும் டாக்டரைப் பாருங்கள். இப்படி ஓய்வெடுக்க எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) கேட்கக் கூச்சம் எதற்கு? 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் பல் மருத்துவர் தரும் சான்றிதழையும் ஏற்கிறது. மருத்துவமனையில் படுக்கத் தேவையில்லாத நோய்க்கே, வேலை பார்த்த காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது முதலாளி காட்டும் கருணையல்ல, தொழிலாளியின் உரிமை. மண்டோர்கள் (தோட்டத்து மேற்பார்வையாளர்கள்) முகம் சுளிக்காமல் அந்த விடுப்பைக் கொடுக்க வேண்டும். தொழிலாளர்களும் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டும்.