கொப்பூழ்க்கொடியும் கொடையும்

வெள்ளவத்தையில் என் பழைய மாணவர் ஒருவர், தந்தையாகப் போகும் மகிழ்ச்சியோடு வந்து, "பிள்ளையின் கொப்பூழ்க்கொடி இரத்தத்தைப் பணங்கட்டிச் சேமித்து வைக்கலாமா, ஐயா?" என்று வினவினார். இலக்கணம் கற்பிப்பவனிடம் கேட்கும் வினாவன்று. ஆயினும் அறம் பற்றியதாகலின் விடை கூறினேன்.

குருதியணுக்களைப் பிறப்பிக்கும் குருத்தணுக்கள் அவ்விரத்தத்தில் உறைகின்றன. 1998இல் மனிதக் கருவினின்றும் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்தபோது கரு சிதைந்தமையால் பெரும் பூசல் எழுந்தது. கொடியிரத்தமோ எவ்வுயிரையும் வருத்தாது கிடைப்பது, வீணே எறியப்படுவது.

1988இல் பாரிஸ் நகரில் முதன்முதல் அதனைப் பெற்ற நோயுற்ற சிறுவன் பிழைத்தான். ஆனால் அவனைக் காத்தது தன் கொடியன்று, தங்கையின் கொடி! தலசீமியா போன்ற பிறவி நோய்க்குத் தன் கொடியிரத்தம் உள்ளவாறே உதவாது. நோயின் வித்து அதிலும் உண்டன்றோ? குருநாகலில் சிகிச்சை பெறும் தலசீமியாப் பிள்ளைகளுள் குருத்தணு மாற்றத்துக்கு உரியோர் வேண்டுவது, பொருத்தமான பிறரது கொடையே.

ஆகவே, வீட்டில் அத்தகைய நோயுடைய பிள்ளை இருப்பின், அதன் பொருட்டுச் சேமித்தல் தகும். ஏனையோர் தமக்கெனப் பூட்டி வைத்தலினும், பொது வங்கி உள்ளவிடத்து வழங்குதலே அறம், பயனும் அதுவே. பலர் கொடுத்தாலன்றி ஒருவர்க்குப் பொருந்துவது கிடைத்தல் அரிது.

1961இல் கண்தானச் சங்கம் கண்டு, கடல் கடந்தும் கண் வழங்கிய நாடு இது. கண்ணையே கொடுத்தவர்க்குக் கொடியைக் கொடுத்தல் அரிதோ?