மாடிக்கு விட்ட கம்பி

பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டுகிறவர்கள் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்கள் மொட்டை மாடியில் எட்டு வருடமாக பில்லர் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பின்னால் மாடி எடுக்கலாம் என்று விட்டது. பேரப்பிள்ளைகள் கண்ணில் குத்திவிடுமே என்று நான்தான் அவற்றை மடக்கச் சொன்னேன். போன மாதம் மாடி வேலை ஆரம்பித்தோம். மேஸ்திரி, "கேஸ் வெச்சு சூடு காட்டினா ஈஸியா நிமிர்ந்துடும்மா" என்றார். நானும் தலையாட்டினேன்.

அன்று கல்யாணப் பத்திரிகை வைக்க என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ரோலிங் மில்லில் வேலை. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கு வராமல் என்னிடம் திட்டு வாங்கியவன். "டீச்சர், நெருப்பு மட்டும் வைக்க விடாதீங்க" என்று பதறினான். அப்புறம் அவன் ஆசிரியர், நான் மாணவி.

டிஎம்டி கம்பி முழுக்க ஒரே இரும்பு என்று நினைத்திருந்தேன். இல்லையாம். மில்லில் செக்கச்செவேலென்று வரும் கம்பி மீது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுவார்கள். மேல்தோல் சட்டென்று குளிர்ந்து கடினமாகிவிடும். உள்ளே இருக்கும் சூடு மெல்ல வெளியே வந்து அந்தத் தோலைப் பதமாக்கும். நடுப்பகுதி மெதுவாக ஆறுவதால் இளகிய தன்மையோடு இருக்கும். வெளியே கடினம், உள்ளே இளக்கம், இடையில் படிப்படியான மாற்றம். மூங்கிலும் இப்படித்தான்: நார்கள் வெளிப்பக்கம் நெருக்கமாகவும் உள்ளே கலைந்தும் இருக்கும். 1980களில் ஜப்பான் விஞ்ஞானிகள் விண்கலத்தின் வெப்பத்தைத் தாங்க இதே மாதிரி தன்மை மாறும் பொருள்களைத் திட்டமிட்டு உருவாக்கினார்கள்.

இதனால் என்ன லாபம்? கண்ணாடி டம்ளர் விழுந்தால் விரிசல் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடும். நம் கண்ணுக்கு அது ஒரே நொடியில் சிதறுவதாகத் தெரியும். முழுக்கக் கடினமான பொருளில் ஓடும் விரிசலைத் தடுக்க எதுவும் இல்லை. இளகிய நடுப்பகுதி இருந்தால் அது நீண்டு, இழுபட்டு, விரிசலின் வேகத்தைத் தின்றுவிடும். கம்பி வளையுமே தவிர சட்டென்று முறியாது. அந்த அவகாசத்தில் ஆள் வெளியே ஓடிவிடலாம்.

மடக்கிய கம்பியை நிமிர்த்தும்போது, வரிகளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம். எட்டு வருடத் துரு அதை இன்னும் ஆழமாக்கும். சிவக்கச் சூடாக்கினாலோ, தண்ணீர் கொடுத்த கடினத்தோல் போய்விடும். நாம் காசு கொடுத்து வாங்கிய பலமே அதுதான்.

"எல்லாரும் இப்படித்தான் கட்டறாங்க, எந்த வீடு இடிஞ்சுது?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சாதாரண நாளில் இடியாது. திடீர் உலுக்கலில்தான் கீறல் ஓடத் தொடங்கும். 2001 செப்டம்பரில் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட நில அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. 2002-இல் சென்னையை நில அதிர்வு வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றினார்கள். நம் திருவள்ளூர் மாவட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

என் கருத்து இதுதான். மாடி எடுக்கும் எண்ணம் இருந்தால் கம்பியை மடக்காதீர்கள். நேராக விட்டு, சிமெண்ட் பால் பூசி, சிக்கனக் கான்கிரீட்டால் மூடிவையுங்கள். கடையில் கிலோ விலை மட்டும் கேட்காமல் சோதனைச் சான்றிதழும் கேளுங்கள். 500 என்பது பலம். உடன் 'டி' என்ற எழுத்து இருந்தால் நீளும் தன்மை அதிகம். 500 கம்பி குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். கெட்டியான கம்பி மட்டும் போதும் என்பது தப்புக் கணக்கு.

நாங்கள் இன்ஜினியரை அழைத்தோம். மடங்கிய பகுதியை வெட்டிவிட்டு, துளையிட்டு, கெமிக்கல் போட்டுப் புதுக் கம்பி நட்டார்கள். செலவு கூடியது. டைல்ஸைக் குறைத்துக்கொண்டோம். அந்த மாடி அறையில்தான் பேரப்பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள்.

வகுத்தல் வராத பையன் என்று நான் முடிவு கட்டியவன்தான் இதைக் காப்பாற்றினான். கண்ணா, கல்யாணத்துக்கு டீச்சர் கண்டிப்பாக வருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்