விருத்தாசலம் அர்த்தநாரியை மீட்டுத் தந்த புகைப்படம்: நம் ஆலய மூர்த்திகளுக்கு அப்படியொரு பதிவு உண்டா?

கெலுகோர்: தமிழ்நாட்டின் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருந்த அர்த்தநாரீஸ்வரர் சிலை, 2004-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விலைபோனது. வலப்பாதி சிவன், இடப்பாதி உமை; சோழர் காலக் கருங்கல் சிற்பம். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூருக்குக் கலைக்கூடம் கொடுத்த விலை 3 லட்சம் டாலருக்கும் மேல்.

சிலையோடு ஒரு ரசீதும் வந்தது. 1970-இல் டெல்லிக் கடையொன்றில் வாங்கியதாகச் சொல்லும் ரசீது. அந்த ஆண்டைப் போட்டதற்குக் காரணம் உண்டு. பழம்பொருள்களை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதற்கான கட்டுப்பாட்டை இறுக்கிய சட்டம் வந்தது 1972-இல்.

அந்தத் தாளைப் பொய்யாக்கியது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1950-களிலிருந்து ஊர் ஊராகச் சென்று கோயில் சிலைகளைப் படமெடுத்து வைத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தப் படங்களில் இதே அர்த்தநாரி, விருத்தாசலம் கோயிலிலேயே நிற்கிறார். அதன் பிறகு கலைக்கூடத்தால் மறுக்க முடியவில்லை. 2014 செப்டம்பரில் அன்றைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபோட் சிலையை டெல்லிக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். அதே கோயிலிலிருந்து கான்பெராவுக்குப் போன பிரத்தியங்கிரா தேவி சிலை 2016-இல் திரும்பியது. கபூருக்கு, உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில், 2022-இல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

உற்சவத் திருமேனியைப் பூட்டி வைப்பவர்கள்கூட, சுவரில் நிற்கும் கல் சிலையை யார் தூக்கப்போகிறார்கள் என்று விட்டுவிடுகிறார்கள். திருடனுக்கு அந்த எண்ணம் போதும்.

இங்கே பினாங்கிலும் அக்கம்பக்கத்திலும் கதை வேறு. நம் ஆலயங்களில் பலவற்றின் மூர்த்திகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுப் பழமை கொண்டவை. வெளிநாட்டுக் கடத்தல்காரனைவிட இவற்றுக்கு நெருக்கமான ஆபத்து இடமாற்றமும் திருப்பணியும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ அம்மன்கள் லாரி ஏறி வேறு இடம் போனார்கள். குடமுழுக்கு வரும்போது மாமல்லபுரத்திலிருந்து புதிய மூர்த்தி வருகிறது. பழையது எங்கே போனது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரிவதில்லை. நிலத் தகராறு வந்து, ஆலயம் எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்கும்போது, தேதியிட்ட ஒரு பழைய படத்தின் அருமை தெரியும்.

பதிவு செய்யத் தெரிந்தவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். கெலுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் ஆய்வாளர்கள் கெடா பூஜாங் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கணக்காக அகழ்வாய்வு நடத்தி வருபவர்கள். அந்தப் பள்ளத்தாக்கின் 11-ஆம் எண் சண்டி மேம்பாட்டு வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013-இல் வெளியாகி நாடே கொதித்தது. 1930-களில் குவாரிட்ச் வேல்ஸ் அதற்கு எண் கொடுத்துப் பதிந்திருந்ததால்தான், இடிந்தது வெறும் செங்கல் மேடு என்று யாரும் சொல்லித் தப்ப முடியவில்லை.

ஆலயங்களில் படமே இல்லை என்று சொல்ல முடியாது. திருவிழாப் படங்கள் கைப்பேசி நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் தெரிவது சந்தனக் காப்பும் பட்டும் மாலையும்தான், கல் தெரிவதில்லை. அடையாளம் காட்டுவது கல்தான்: விரலில் ஒரு சிதைவு, பீடத்தில் ஒரு கீறல், முதுகில் உளி பட்ட தடம். கருவறையில் படமெடுக்கக் குருக்கள் தயங்குவது நியாயமே. பாலாலயம் செய்து சக்தியைக் கும்பத்துக்கு மாற்றிய பிறகு அந்தத் தயக்கத்துக்கும் வழி கிடைக்கும். முன், பின், இரு பக்கம் என நான்கு படம், உயரம், வந்த ஆண்டு, கொடுத்தவர் பெயர். ஒரு நாள் வேலை.

படத்தின் ஒரு படி ஆலயத்தில் இருக்கட்டும். இன்னொன்று பினாங்கு இந்து அறப்பணி வாரியத்திடமோ பல்கலைக்கழகத்திடமோ, எப்படியும் ஆலயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நிர்வாகம் மாறும்போது அலமாரிச் சாவியோடு கோப்புகளும் காணாமல் போவது எந்த ஊரிலும் நடப்பதுதான்.