நாய் கூரை மேல ஏறுமாங்க?

மக்களே, கொஞ்சம் காட்டமான பதிவு. பொறுத்துக்கோங்க.

ஆங்கில மரபுத்தொடருக்கு அர்த்தம் சொல்ற பதிவு எதைத் திறந்தாலும் கூடவே ஒரு 'வரலாறு' ஒட்டிக்கிட்டு வருது. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னா பேய்மழை. சரி, அதோட நிறுத்தலாம்ல? 1500கள்ல இங்கிலாந்துல நாய், பூனையெல்லாம் வைக்கோல் கூரைக்குள்ள குடியிருந்துச்சாம், மழை பெஞ்சா வழுக்கி விழுந்துச்சாம்!

நான் கூரை வீட்டுல வளர்ந்தவன். பூனை ஏறும், ஒத்துக்கறேன். நாய் ஏறிப் பார்த்திருக்கீங்களா? மழை வந்தா எங்க வீட்டு நாய் திண்ணையோரமா சுருண்டுக்கும். ஒழுங்கா வேய்ஞ்ச கூரையில தண்ணி மேலோட ஓடிடும், உள்ளே வழுக்க என்ன இருக்கு?

இது 1999ல மின்னஞ்சல்ல சுத்தின புருடா. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738லயே இந்தத் தொடரை எழுதியிருக்கார். அதுக்கும் முன்னாடி 1600கள்ல இதே மாதிரி பேச்சு இருந்திருக்கு. எப்படிப் பிறந்துச்சுன்னு அகராதிக்காரங்களே அடிச்சுச் சொல்லலை. 'தெரியலை'ன்னு எழுத நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

அதே மடல்தான் 'சேவ்ட் பை தி பெல்'லுக்கும் உயிரோட புதைச்சவங்க மணியடிச்ச கதையைக் கட்டிவிட்டது. அது குத்துச்சண்டை மணிங்க.

இதையெல்லாம் தமாஷ்னு விட்டுடலாம். 'ரூல் ஆஃப் தம்ப்'பை விட முடியாது. கட்டைவிரல் மொத்தத்துக்கு மேல போகாத குச்சியால மனைவியை அடிக்கலாம்னு இங்கிலாந்துல சட்டம் இருந்துச்சு, அதுலேர்ந்து வந்ததுன்னு எழுதறோம். அப்படி ஒரு சட்டத்தை இதுவரைக்கும் யாரும் காட்டினதில்லை. ஃப்ரான்சிஸ் புல்லர்ங்கற நீதிபதி அப்படிச் சொன்னதா பேச்சு கிளம்பி, 1782ல ஜேம்ஸ் கில்ரே கேலிச்சித்திரமே போட்டார். ஆனா இந்தத் தொடர் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே இருக்கு. அளவுகோல் இல்லாம அனுபவத்துல உத்தேசமா செய்யறதுன்னுதான் அர்த்தம், எங்க பாட்டி விரலை வச்சு உலைத் தண்ணி அளக்கற மாதிரி. மனைவியை அடிக்கறதை அந்தக் காலத்துச் சட்டம் பொறுத்துக்கிட்டது நிஜம். நிஜத்தைச் சொல்ல பொய் எதுக்குங்க? நாளைக்கு ஒருத்தன் இந்தக் கதை பொய்னு நிரூபிச்சுட்டு, அடிச்சதே பொய்னு கிளம்புவான்.

ஏன் இவ்வளவு கோபம்னா, அக்கா பொண்ணு இந்தக் குச்சிக் கதையைப் பள்ளிக்கூடக் கட்டுரையில எழுதியிருந்தா. "எங்கடி படிச்சே?"ன்னு கத்தினேன்.

"நீங்க எழுதினதுதானே மாமா"ன்னா.

அந்தப் பழைய பதிவை அழிக்கலை. தப்பை அடிச்சுக் காட்டி, மேல திருத்தம் போட்டிருக்கேன். உங்க பதிவுலயும் இருந்தா பாருங்க. திட்டணும்னு வர்றவங்க ஆதாரத்தோட வந்து திட்டுங்க :-)